தோண்டும் தேதியை முன்னாலேயே சொல்லுங்கள்

சாலைப் பணி பார்க்கும் துறைகளின் பொறியாளர்களுக்கும், குழாய் பதிக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும், எங்கள் பல்கலைக்கழக நிர்வாகத்துக்கும்

வணக்கமுங்க.

நான் கோவையில் ஒரு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறேன். வீடு வளாகத்துக்கு எதிர்த் தெருவில். வேலைக்குப் போகிற வழியும் பால் வாங்கப் போகிற வழியும் எனக்கு ஒரே ரோடுதான். எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் துறை, எந்த ஒப்பந்தக்காரர் என்று பெயர் போடாமல் எழுதுகிறேன். ஒரு ஆளைப் பிடித்துக் கேள்வி கேட்டால், அவர் மாறுதலாகிப் போனதும் விஷயம் அதோடு முடிந்துவிடும். எனக்கு முறை மாற வேண்டும். அதோடு, கணபதியிலும் சரவணம்பட்டியிலும் ஈரோட்டிலும் சேலத்திலும் இருந்து இதைப் படிக்கிற பலருக்கும் இது தங்கள் ரோட்டைப் பற்றி எழுதியது போலவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

வேலையை நிறுத்துங்கள் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. பாதாளச் சாக்கடை எங்களுக்கு வேண்டும். மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் வாசல்படி வரைக்கும் வருகிற தெருவில் குடியிருக்கிறோம். பழைய குடிநீர்க் குழாயை மாற்றித்தான் ஆக வேண்டும். அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் 10.1 கிலோமீட்டருக்கு மேம்பாலம் கட்டி முடிக்கிற வரையில் இந்த ஊர் பொறுத்துக்கொண்டது. 2020-இல் தொடங்கிய வேலை, 2025 அக்டோபரில்தான் திறந்தார்கள். அத்தனை வருடமும் அந்த ரோட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் தூணுக்கும் தகரத் தடுப்புக்கும் நடுவில் புகுந்து போய்த்தான் பட்டம் வாங்கினார்கள். 2024-இல் திறந்த உக்கடம் மேம்பாலத்துக்கும் அந்தப் பக்கத்து ஜனங்கள் அப்படித்தான் காத்திருந்தார்கள். வேலை நடந்தால் சிரமம் இருக்கும் என்பதை இந்த ஊருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். எந்தத் தேதியில் தோண்டுவீர்கள், எந்தத் தேதியில் மூடுவீர்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அந்தத் தேதியைக் குறிக்கும்போது எங்கள் பரீட்சையையும் மழையையும் பார்த்துக் குறியுங்கள். மூடுகிற வரைக்கும் நடந்து போக இடம் விடுங்கள்.

போன ஐப்பசியில் நடந்ததைச் சொல்கிறேன். தீபாவளிக்கு முந்தின வாரம் ஒருநாள் காலையில் ஜேசிபி வந்து நின்றது. எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது, வளாகத்தின் வாசல் காவலருக்கும் தெரியாது. பஸ் ஸ்டாப்பிலிருந்து மெயின் கேட்டைத் தாண்டி விடுதி முக்கு வரைக்கும் ஒரு பக்கத்தை வெட்டி, அந்த மண்ணை மறுபக்கத்தில் குவித்தார்கள். மூன்று நாள் மும்முரமாக வேலை நடந்தது. அப்புறம் ஒரு ஆளையும் காணோம். மேற்பார்வைக்கு இருந்த தம்பியிடம் கேட்டேன். "ஆளுங்க ஊருக்குப் போயிட்டாங்க மேடம், வந்ததும் முடிச்சிரலாம்" என்றார்.

வேலை பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். தீபாவளி முடிந்து ஆறாம் நாள் அவர்களுக்கு சத் பூஜை. நமக்குப் பொங்கல் எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. வருடம் முழுவதும் நம் ஊர் மண்ணில் கிடந்து உழைக்கிறவர்கள் அதற்கு வீட்டுக்குப் போகத்தான் வேண்டும், போனதில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் தீபாவளி என்றைக்கு வரும் என்பது ஒரு வருடத்துக்கு முன்பே காலண்டரில் அச்சாகி இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை எப்போது வரும் என்பதும் தெரியும். தென்மேற்குப் பருவமழையை மேற்கு மலைகள் மறித்துக்கொள்வதால், கோவைக்கு உருப்படியான மழை என்றால் அது ஐப்பசியும் கார்த்திகையும்தான். எங்கள் செமஸ்டர் தேர்வு நவம்பரில் என்பதும் எல்லாருக்கும் தெரிந்தது. ஆள் இல்லாத நாள், மழை வருகிற நாள், பரீட்சை நடக்கிற நாள், இந்த மூன்றும் ஒன்றுகூடுகிற வாரமாகப் பார்த்து ரோட்டைத் திறந்து போட்டார்கள். வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. தேதி குறித்தவர் எவரும் இந்த மூன்றையும் ஒரு மேசையில் வைத்துப் பார்க்கவில்லை.

மழை வந்தது. குவித்த மண் கரைந்து ரோடு முச்சூடும் சேறு. வெட்டிய குழியில் தண்ணீர் நின்று, எது ரோடு எது குழி என்று தெரியாமல் ஒரே நிறமாகக் கிடந்தது. டவுன் பஸ் டிரைவர்கள் ஒரு நாள் பார்த்தார்கள், இரண்டாம் நாள் முந்தின முக்கிலேயே ஆட்களை இறக்கிவிட்டுத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பஸ் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு அந்த ஓரத்தில் யார் ஓட்டுவார்கள்?

தேர்வு ஒரு வாரம் கழித்துத் தொடங்கியது. அன்று நான் ஒரு அறையில் கண்காணிப்பு. தேர்வு காலை பத்து மணிக்கு. அரை மணி நேரம் தாண்டினால் உள்ளே விடக்கூடாது என்பது விதி. பத்தே முக்கால் வாக்கில் ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் பாலிதீன் கவரில் போட்ட ஹால் டிக்கெட், இன்னொரு கையில் செருப்பு, முழங்கால் வரைக்கும் சேறு. அன்னூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து காந்திபுரம் வந்து, பஸ் மாறி வருகிற பெண். முக்கில் இறங்கி, ரோட்டில் வழி இல்லாமல் பின்பக்கத் தெருக்களைச் சுற்றி ஓடி வந்திருக்கிறாள். விதியை மீற எனக்கும் அதிகாரம் இல்லை, தலைமைக் கண்காணிப்பாளருக்கும் இல்லை. அவள் அழவில்லை. "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, வராந்தாவில் சுவரோரமாக உட்கார்ந்து கொண்டாள். வகுப்பில் முதல் வரிசையில் உட்காருகிறவள். இப்போது அவள் கணக்கில் ஒரு அரியர் இருக்கிறது. ஏப்ரலில் எழுதித் தேறிவிடுவாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வேலைக்கு ஆள் எடுக்க வளாகத்துக்கு வருகிற கம்பெனிகளில் பாதிக்கு மேல் அரியர் இல்லாதவர்கள் மட்டும் வரிசையில் நில்லுங்கள் என்கிறார்கள். தாமதத்துக்குக் காரணம் ரோட்டுக் குழி என்று எந்த மதிப்பெண் பட்டியலிலும் எழுதியிருக்காது.

எங்கள் துறையில் பார்வை மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவர் முதுகலை படிக்கிறார். பஸ் ஸ்டாப்பிலிருந்து வகுப்பு வரைக்கும் தனியாகவே வருவார், தனியாகவே போவார். அந்த வழியை அவர் எப்படிக் கற்றுக்கொண்டார் என்று ஒருமுறை சொன்னார். பஸ்ஸை விட்டு இறங்கி இடப்பக்கம் திரும்பினால் பேக்கரியில் பன் வேகிற வாசம். அதைத் தாண்டினால் டிரான்ஸ்பார்மர் இரைச்சல். அதற்கப்புறம் வளாகச் சுற்றுச்சுவர், கோலை அதில் தட்டிக்கொண்டே வந்தால் சுவர் முடிகிற இடத்தில் கேட். முதலாம் பருவம் முழுக்க நண்பர் ஒருவரோடு நடந்து நடந்து பழகிய வழி அது. பொக்லைன் ஒரே காலையில் அதை இல்லாமல் செய்துவிட்டது. சுவரோரமாகத்தான் குழி வெட்டியிருந்தார்கள். பாதுகாப்புக்காகச் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பிளாஸ்டிக் ரிப்பன் கட்டியிருந்தார்கள். கண் தெரியாதவருக்கு அந்த ரிப்பன் என்ன சொல்லும்? அவருடைய கோல் ரிப்பனுக்கு அடியில் நுழைந்து வெறும் காற்றில் போயிருக்கிறது. பூக்கடை அம்மா பார்த்துவிட்டு ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்ததால் தப்பித்தார். "சாமி, அக்கட்டால போவாதே" என்று அந்த அம்மா கத்திய சத்தம் ரோட்டுக்கு எதிர்ப்புறத்தில் இருந்த எனக்குக் கேட்டது. அதற்கப்புறம் அவர் தனியாக வருவதை விட்டுவிட்டார். நண்பர்கள் முறை வைத்துக் கூட்டி வருகிறார்கள். யாரையும் எதிர்பார்க்காமல் வந்து போவதுதான் அவருக்கு இந்தப் படிப்பிலேயே பெரிய சந்தோஷம் என்று நினைக்கிறேன். அது போய்விட்டது.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பஸ்ஸையும் ரயிலையும் பற்றி மட்டும் பேசவில்லை, அவர்கள் போய்வர ஏற்ற சாலைகளும் வேண்டும் என்கிறது. வேலை நடக்கிற நாட்களில் அந்தச் சட்டத்துக்கு லீவு கிடையாது. ரிப்பனுக்குப் பதிலாகத் தரையைத் தொடுகிற மாதிரி கெட்டியான தடுப்பு வைத்திருந்தால் கோல் அதில் முட்டியிருக்கும். அதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021-இல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று வந்த பிறகு, எங்கள் வளாகத்துக்குத் தினமும் வந்து போய்ப் படிக்கிற பெண்கள் கூடியிருக்கிறார்கள் என்பது கண்ணால் பார்த்தே தெரிகிறது. பஸ் செலவை நினைத்துப் பிள்ளையைப் பக்கத்து ஊர்க் கல்லூரியோடு நிறுத்திவிடுகிற வீடுகள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. அந்தப் பஸ் முந்தின முக்கோடு நின்றுவிட்டால் மீதித் தூரத்துக்கு ஷேர் ஆட்டோ. போக ஒரு தரம், வர ஒரு தரம், தினமும். இல்லாவிட்டால் நடை. பொழுதோட நடக்கிற பெண்களுக்கு அந்த ரோட்டில் வெளிச்சமும் இல்லை. தோண்டும்போது தெருவிளக்கு வடம் அறுந்துவிட்டது, அதைச் சரிசெய்ய வேண்டியது வேறு பிரிவு என்றார்கள். ஆய்வகத்தில் வேலை முடித்து ஏழு மணிக்கு விடுதிக்குத் திரும்புகிற ஆராய்ச்சி மாணவிகள் கைப்பேசி வெளிச்சத்தில் குழியோரமாக வரிசையாகப் போனார்கள். எங்கள் தெருக்காரர்கள் சிலர் வாசல் விளக்கை விடிய விடிய எரியவிட்டார்கள்.

கடைக்காரர்கள் பாடு தனி. பன் வாசம் வருகிற அந்தப் பேக்கரிக்காரர் காலையில் போடுகிற பப்ஸும் தேங்காய் பன்னும் பதினோரு மணி இடைவேளைக்கு வருகிற பிள்ளைகளை நம்பித்தான். கடைக்கு முன்னால் ஆளுக்கு மேல் ஆழமாகக் குழி. குறுக்கே அவரே இரண்டு பலகை வாங்கிப் போட்டார். "எனக்குத் தேதி மட்டும் சொல்லியிருந்தா, டீச்சரம்மா, கடையப் பூட்டிட்டு ஊருக்காவது போயிருப்பேன். நாளைக்கு முடியும், நாளைக்கு முடியும்னு தினமும் மாவு பிசைஞ்சு வெச்சதுதான் நட்டம்" என்றார். நான் இத்தனை பக்கம் எழுதுவதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

அந்தக் குழிக்குள் இறங்கி வேலை பார்த்தவர்களையும் நான் மறக்கவில்லை. இரண்டு பக்கமும் பலகை முட்டுக் கொடுக்காமல், விளிம்பிலேயே மண்ணைக் குவித்து வைத்துவிட்டு, உள்ளே இரண்டு பேர் குனிந்து குழாய் மூட்டுகிறார்கள். ஈர மண் சரிந்தால் மேலே நிற்கிறவர்கள் கை கொடுக்கக்கூட நேரம் இருக்காது. தலைக்கவசம் ஒருவருக்கு இருந்தது, இன்னொருவருக்குத் துண்டு. குடிக்கத் தண்ணீர் வளாகக் காவலர் அறையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஒதுங்க இடம் கிடையாது. எங்களுக்கு வழி விடச் சொல்லிக் கேட்கிற நான், அவர்களுக்கு முட்டுப் பலகையும் கழிப்பறையும் கொடுங்கள் என்று கேட்காமல் விட்டால் அது நியாயம் இல்லை.

இனி வேலை முறை பற்றி. நான் பொறியாளர் இல்லை, ஆனால் பல மாதமாகக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது இருக்கிறது. குழாய் போடுவது ஒரு துறை. ரோடு இன்னொரு துறையுடையது. தோண்ட அனுமதி கொடுக்கும்போதே, ரோட்டைத் திரும்பப் போடுவதற்கான பணத்தையும் ரோட்டுக்குச் சொந்தக்காரத் துறை கட்டச் சொல்லி வாங்கிக்கொள்கிறது. ஆகத் தோண்டுகிறவர் ஒருவர், தார் போடுகிறவர் இன்னொருவர். முன்னவர் மண்ணைத் தள்ளிவிட்டுப் போனதும் அவர் கணக்கில் வேலை முடிந்தது. பின்னவர், "வீட்டு இணைப்பெல்லாம் கொடுத்து முடிக்கட்டும், அதுக்கு முன்னால தார் போட்டா மறுபடி வெட்டுவாங்க" என்று காத்திருக்கிறார். அவர் சொல்வதும் சரிதான். அதற்குள் மண்ணுக்கடியில் கேபிள் பதிக்கிற புதைவடக்காரர்கள் வந்து பக்கத்திலேயே இன்னொரு கோடு வெட்டுகிறார்கள். ஆழமாகப் போகிற சாக்கடைக் குழாய் முதலில், அதற்கு மேல் குடிநீர், அப்புறம் வடம், எல்லாம் முடிந்து கடைசியாகத் தார் என்று ஒரே ஓட்டத்தில் போனால் ரோட்டை ஒரு தரம் திறந்தால் போதும். எங்கள் ரோட்டில் ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் உத்தரவு வந்த தேதியில் வந்தார்கள். ஒருவர் காலண்டர் இன்னொருவருக்குத் தெரியாது.

மண் மூடுகிற விதம் இன்னொரு வேதனை. தோண்டிய மண்ணையே ஒரே தள்ளாகத் தள்ளி, மேலே வண்டியை இரண்டு தரம் ஓட்டிவிட்டுப் போகிறார்கள். அரை அடி அரை அடியாகப் போட்டு, தண்ணீர் விட்டு, இயந்திரத்தால் இடித்து, அது இறுகின பிறகுதான் அடுத்த அடுக்கைப் போட வேண்டும். சிவில் படிக்கிற பிள்ளைகளைக் கேட்டால் இரண்டாம் வருடத்திலேயே படித்துவிட்டோம் என்கிறார்கள். அப்படிச் செய்யாததால் முதல் மழைக்கே மண் இறங்கி ரோட்டில் நீளமாக ஒரு பள்ளம் விழுகிறது. அதில் ஜல்லியும் துகளும் ஈரமாகக் கலந்த வெட்மிக்ஸ் கொட்டுகிறார்கள். வெயில் அடித்ததும் அதுவே புழுதி. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். காலையும் மாலையும் லாரித் தண்ணீர் தெளிப்பது ஒப்பந்தத்தில் உண்டா இல்லையா என்று கேட்டால், உண்டு என்றுதான் பதில் வருகிறது. தெளிப்பதை யார் பார்ப்பது என்பதற்குத்தான் பதில் இல்லை.

விதி இல்லாமல் இல்லை. வேலை நடக்கிற இடத்தில் போக்குவரத்தை எப்படி நடத்துவது என்பதற்கு சாலைப் பணிக்குத் தரம் வகுக்கிற இந்தியச் சாலைப் பேராயம் (ஐ.ஆர்.சி.) எஸ்.பி. 55 என்று தனி வழிகாட்டியே வைத்திருக்கிறது. 2014-இல் அதைத் திருத்தியும் வெளியிட்டார்கள். வேலை நடக்கிற இடத்துக்கு வெகு முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை, அப்புறம் வண்டிகளை மெல்ல ஒதுக்குகிற பகுதி, அப்புறம் வேலைப் பகுதி, கடைசியில் பழையபடி ரோட்டில் சேருகிற பகுதி என்று ஒவ்வொன்றையும் பிரித்துச் சொல்கிறது. நடந்து போகிறவர்களுக்குப் பத்திரமான பாதை வேண்டும் என்பதையும் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 198ஏ பிரிவின்படி, சாலை அமைப்பிலும் பராமரிப்பிலும் உரிய தரத்தைக் கடைப்பிடிக்காததால் ஒருவர் உயிர் போனாலோ ஊனமானாலோ, பொறுப்பான அரசு அமைப்புக்கோ ஒப்பந்தக்காரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. யாராவது விழுந்த பிறகு இந்தப் பிரிவைத் தேடிக்கொண்டு போக எங்களுக்கு விருப்பம் இல்லை. விழுவதற்கு முன்னால் பேச வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல்.

தேதி விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன். ஒரு இளம் பொறியாளர் பொறுமையாக உட்கார்ந்து எனக்கு விளக்கினார். நிதி ஒதுக்கி, டெண்டர் முடிந்து, வேலை உத்தரவு கைக்கு வருவதற்குள் புரட்டாசி ஆகிவிடுகிறது, மார்ச்சுக்குள் பணத்தைச் செலவு செய்தாக வேண்டும், அதனால்தான் ஐப்பசியில் தோண்டுகிறோம் என்றார். அவர் நிலைமை புரிகிறது. ஆனால் ஒரு வேலை உத்தரவில் ஒரே ஒரு தெரு இருப்பதில்லை. கிலோமீட்டர் கணக்கில் பல தெருக்கள் இருக்கின்றன. அதில் எதை முதலில் தொடுவது, எதைக் கடைசியில் தொடுவது என்பது உங்கள் கையில் இருக்கிறது. சாக்கடைக் குழாயைத் தாழ்ந்த முனையிலிருந்து மேட்டுக்குக் கொண்டுவர வேண்டும், அதில் இஷ்டப்படி மாற்ற முடியாது என்பதையும் அவரே சொன்னார். சரி. குடிநீர்க் குழாய்க்கும் புதைவடத்துக்கும் அந்தக் கட்டாயம் இல்லையே. வளாகத்துக்கு முன்னால் இருக்கிற அந்த நீளத்தை மட்டும் மே பாதிக்கு மேல், ஜூன் நடுவுக்குள் என்று ஒதுக்கி வையுங்கள். தேர்வு முடிந்து விடுதி காலியாக இருக்கிற நாட்கள் அவை. மழைக்காலத்தில் திறந்தே ஆக வேண்டும் என்றால், அன்று தோண்டியதை அன்றைக்கே மூடுகிற அளவுக்கு மட்டும் திறங்கள். நூறு அடி திறந்து நூறு அடியையும் மூடிவிட்டுப் போனால் எங்களுக்கு ஒரு புகாரும் இல்லை. குழாய் உடைந்து தண்ணீர் பீறிட்டால் நள்ளிரவில் வந்து தோண்டுங்கள், நாங்களே டார்ச் பிடிக்கிறோம். அவசரத்துக்கு யாரும் தேதி கேட்க மாட்டோம்.

பலகை ஒன்று வையுங்கள், தமிழில், கண்ணில் படுகிற அளவில். என்ன வேலை, எங்கிருந்து எதுவரை, தொடங்குகிற தேதி, மூடுகிற தேதி, தார் போடுகிற தேதி, கூப்பிட ஒரு எண். டவுன் பஸ் எங்கே நிற்கும் என்பதையும் எழுதுங்கள். தேதி தள்ளிப்போனால் பழையதை அடித்துப் புதியதை எழுதுங்கள், யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். ஒன்றுமே சொல்லாமல் விடுவதுதான் ஆத்திரத்தைக் கிளப்புகிறது.

பல்கலைக்கழக நிர்வாகத்துக்கும் சில வார்த்தைகள். ரோடு வெளியே இருக்கிறது, நமக்கென்ன என்று நாம் இருந்துவிட்டோம். கல்வி நாட்காட்டி ஜூனிலேயே தயாராகிவிடுகிறது. அதை அச்சடித்து எல்லாத் துறைகளுக்கும் அனுப்புகிற நாம், நம் வாசலில் ரோடு போடுகிறவர்களுக்கும் ஒரு படியை அனுப்பலாம். வேலை நடக்கிற நாட்களிலாவது பின்பக்கக் கேட்டைத் திறந்துவிடுங்கள். பாதுகாப்புக்கு ஆள் போதவில்லை என்ற காரணம் தெரியும், காலையில் இரண்டு மணி நேரமும் மாலையில் இரண்டு மணி நேரமும் திறந்தால்கூடப் பாதிப் பிள்ளைகள் குழியைத் தாண்ட வேண்டியிருக்காது. பஸ் வராத நாளில் தேர்வு நேரத்தை அரை மணி தள்ளி வைக்கிற அதிகாரத்தை மையத்தின் தலைமைக் கண்காணிப்பாளருக்குக் கொடுங்கள். நவம்பரில் அந்த அதிகாரம் இருந்திருந்தால் அன்னூர்ப் பெண் அன்று தேர்வு எழுதியிருப்பாள்.

அதோடு, வளாகத்துக்குள் நாம் கட்டிக்கொண்டிருக்கிற புதுக் கட்டடத்துக்கு எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றி வருகிற டிப்பர் லாரிகள் காலை ஒன்பது மணிக்குத்தான் மெயின் கேட்டில் நுழைகின்றன. பாதி அடைத்த ரோட்டில், பிள்ளைகள் கூட்டமாக வருகிற அதே நேரத்தில். விடியற்காலையில் வரச் சொல்லுங்கள். வெளியே இருக்கிறவர்களிடம் கேட்பதை நாம் உள்ளே செய்து காட்ட வேண்டாமா?

அடுத்த கட்டமாக விடுதி முக்கிலிருந்து மேற்கே இருக்கிற பகுதியைத் திறக்கப் போவதாகக் கேள்விப்படுகிறோம். திறப்பதற்கு முன்னால் ஒரே ஒரு மணி நேரம் எல்லாரும் உட்கார்ந்து பேசலாம். குழாய்த் துறையிலிருந்து ஒருவர், ரோட்டுத் துறையிலிருந்து ஒருவர், புதைவடம் போடுகிறவர்கள், டவுன் பஸ் டிப்போவிலிருந்து ஒருவர், ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர், எங்கள் தேர்வுப் பிரிவிலிருந்து ஒருவர். எங்கள் பக்கமிருந்து பேக்கரிக்காரரும் பூக்கடை அம்மாவும் அந்த மாணவரும் நானும் வருகிறோம். எங்கள் துறையின் கருத்தரங்க அறையைக் கேட்டு வைத்திருக்கிறேன், தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் வைத்தால் கடைக்காரர்களுக்கு வசதி. வரும்போது உங்கள் வேலை அட்டவணையைக் கொண்டுவாருங்கள், நாங்கள் கல்வி நாட்காட்டியைக் கொண்டுவருகிறோம்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
வளாகத்துக்கு எதிர்த் தெருவில் குடியிருக்கும் ஆசிரியை